கோல் கொடுக்காத அம்பயர்

மாத்தளையில் ஹொக்கி மெட்ச் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் அம்பயரைத் திட்டத்தான் வருவார்கள். மீதிப் பேர் அவர்கள் திட்டுவதைக் கேட்க வருவார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் குறை வைக்காத ஒரு அம்பயர் எங்கள் ஊரில் இருந்தார். நெடுநெடுவென்று உயரம், வெயிலில் கறுத்த கழுத்து, தலைக்குக் கொஞ்சம் பெரிய வெள்ளைத் தொப்பி. அந்தத் தொப்பியைக் காதுகள்தான் தாங்கிக்கொண்டிருந்தன. மற்ற அம்பயர்கள் விசிலை வாயில் கவ்விக்கொண்டே ஓடுவார்கள். இவர் கைக்குள் வைத்திருப்பார். வாயில் இருந்தால் மூளைக்கு முன்னால் மூச்சு ஊதிவிடும் என்பது அவருடைய கட்சி.

வாரநாட்களில் அவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். பல்லேகமப் பக்கம் குளக்கட்டுகளையும் வாய்க்கால்களையும் அளந்துவிட்டு, சனி ஞாயிறுகளில் மைதானத்துக்கு வருவார். அவருடைய அப்பா வடக்கிலிருந்து அரசாங்க வேலையாக வந்து மாத்தளையிலேயே தங்கிவிட்டவர். அம்மாவின் பேச்சில் யாழ்ப்பாணம் அப்படியே இருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும், அதாவது இவரும் இவருடைய அண்ணனும், எங்களைப் போலத்தான் பேசினார்கள். நான் அப்போது டவுன் பெண்கள் அணியில் முன்வரிசை ஆட்டக்காரி. எனக்குக் காலும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும் என்று எங்கள் கோச் சொல்வார். இரண்டையும் நிறுத்தத் தெரிந்த ஒரே ஆள் அந்த அம்பயர். அதனாலேயே ஆரம்பத்தில் எனக்கு அவரைக் கண்டால் ஆகாது.

ஹொக்கியில் பந்து கோல் கோட்டில் பட்டால் போதாது. பாதி தாண்டினாலும் போதாது. பந்தின் கடைசி விளிம்பும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். எல்லா அம்பயருக்கும் தெரிந்த விதிதான் இது. மற்றவர்கள் அதை மைதானத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் அதைப் போகிற இடமெல்லாம் கூட்டிக்கொண்டு திரிந்தார். மழை விட்டுவிட்டதா என்று கேட்டால், கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "முழுசா விடல" என்பார். தம்புள்ளை பஸ் வந்துவிட்டது என்று நாங்கள் பையைத் தூக்கினால், அது வந்துகொண்டிருக்கிறது, இன்னும் வரவில்லை என்று திருத்துவார். கல்யாண வீட்டில் தாலி கட்டி முடியும்வரை பரிசுப் பொட்டலத்தைக் கையிலேயே வைத்திருப்பார். ஒரு சிநேகிதருக்குக் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் கைகுலுக்கிச் சிரித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். தாயை நல்லபடியாக வார்ட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் விட்ட பிறகுதான் கையை நீட்டியிருக்கிறார். அந்த சிநேகிதர் அதை ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கோ அதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. பிறகு ஏனோ அந்தக் கட்டிய கை ஞாபகத்தில் நின்றுவிட்டது.

ஒரு மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மைதானம் சேறும் சகதியுமாய்க் கிடந்தது. எதிர் அணிக்காரி அடித்த பந்து கோல் வாசலில் சேற்றில் புதைந்து நிற்க, எங்கள் கோல்கீப்பர் அதன் மேல் தொபுக்கென்று விழுந்துவிட்டாள். கோல் என்று ஒரு பக்கம் கத்தியது, இல்லை என்று மறுபக்கம் கத்தியது. அவர் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். யாரும் அசையக் கூடாது என்று கையைக் காட்டிவிட்டு, அன்றைக்குத்தான் தேய்த்துப் போட்டு வந்திருந்த சட்டையோடு சேற்றில் குப்புறப் படுத்தார். கன்னத்தைத் தரையோடு ஒட்டிவைத்து, கோல்கீப்பரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே எட்டிப் பார்த்தார். மைதானம் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒரு அவசரமும் இல்லை. எழுந்து, முகத்திலிருந்த சேற்றைக்கூடத் துடைக்காமல், கோல் இல்லை என்றார். பந்தில் ஒரு விரலகலம் கோட்டின் மேல் இருந்ததாம்.

அது எங்களுக்குச் சாதகமான தீர்ப்பு. அதனால் அன்று அவரை நான் நியாயவான் என்றேன். அடுத்த மாதமே அந்தச் சான்றிதழைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டி வந்தது.

அது ஒரு இறுதி ஆட்டம். எங்கள் அணிக்கு மசாலாக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா தீவிர ரசிகர். கிராம்பும் மிளகும் வாங்கி விற்கிற மனிதர், எங்கள் மெட்ச் என்றால் கடையைச் சாத்திவிட்டுப் பட்டாசுக் கட்டோடு வந்துவிடுவார். ஆட்டம் முடிகிற நேரம். பந்து எனக்குக் கிடைத்தது. ஓங்கி ஒரு அடி. அது எதிர் அணிப் பெண்ணின் ஸ்டிக்கில் உரசிக்கொண்டு போய் வலையில் விழுந்தது. நான் ஸ்டிக்கைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினேன். நானா கொளுத்திய சரவெடி வெடித்துத் தீரும்வரை யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. புகை அடங்கிய பிறகு பார்த்தால், அம்பயர் அதே இடத்தில் நின்று, இல்லை என்று கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார்.

கோலுக்கு முன்னால் சுண்ணாம்பால் ஒரு அரைவட்டம் போட்டிருப்பார்கள். ஆங்கில D எழுத்துப்போல இருப்பதால் டீ என்போம். அதற்கு உள்ளே நின்று அடித்தால்தான் கோல். நான் அடித்தது அதற்கு வெளியே நின்று. எதிர் அணியின் ஸ்டிக்கில் பட்டுப் போனாலும் அது கணக்கில் வராது. நானாவால் இதை ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

"பட்டாசு கொளுத்தி முடிஞ்சி தம்பி. இனி எப்பிடி இல்லேன்டு சொல்ற?"

அம்பயர் அவரிடம் மிகுந்த மரியாதையோடு, பட்டாசு வெடித்தது முழுக்கச் சரி, கோல்தான் சரியில்லை என்றார். நாங்கள் தோற்றோம்.

நான் விடவில்லை. மைதானத்திலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அவர் பின்னாலேயே போய் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் ஒரு சொல்லுக்கும் கோபப்படவில்லை. பஸ் ஸ்டாண்டில் யாரோ மூட்டையிலிருந்து சிந்திய ஒரு சாதிக்காயைப் பொறுக்கினார். செருப்பு நுனியால் புழுதியில் ஒரு அரைவட்டம் போட்டார். என்னுடைய இரண்டு ஸ்டிக்குகளையும் வாங்கிக் கோல் கம்பமாகக் கிடத்தினார். நான் நின்ற இடம் இது, பந்து போன வழி இது என்று குந்தியிருந்து விளக்க ஆரம்பித்தார். சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒரு கொண்டக்டர் வந்து சாதிக்காயை மிதித்துவிட்டுப் போனார். அப்போதும் இவர் நிறுத்தவில்லை. நசுங்கிய சாதிக்காயைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோற்ற கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஒரு மனிதன் எனக்காக இவ்வளவு பாடுபட்டு, நான் சொன்னது பிழை என்று நிரூபித்ததை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமை வருகிறது என்றால் எனக்கு வியாழனிலேயே சந்தோஷம் வந்துவிடும். அவருக்கும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும், ஆனால் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. கடைசியில் நானே வெட்கத்தை விட்டுச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார். இவருக்கு இதிலும் சேற்றில் படுத்துப் பார்க்க வேண்டும்போல என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். சில வாரங்கள் கழித்து, ஒரு காலையில் வேலைக்குப் போகிற உடுப்போடு எங்கள் வீட்டு கேற்றில் வந்து நின்றார். "ஆமா" என்றார். அவ்வளவுதான். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். எங்கள் அம்மா, யாருக்கு என்ன ஆமா என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார். நான் அன்று முழுவதும் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு வீடும் பேசி ஒப்புக்கொண்டன. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. அவருடைய அண்ணனுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, தன்மையாகத்தான் சொன்னார்.

"மூத்தவன் இருக்கேக்க இளையவனுக்கு எப்பிடிச் செய்யிறது, பிள்ளை? அவன்ர அலுவல் முடியட்டும். பிறகு உடன உங்கட."

எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். அதனால் யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அண்ணன் அப்போது அவுஸ்திரேலியா போகும் ஏற்பாட்டில் இருந்தார். போய்க் காலூன்றிவிட்டால் பெண் பார்த்துவிடலாம் என்பது கணக்கு. அதே தெருவில் இருந்த தன் சிநேகிதன் ஒருவனையும் வற்புறுத்திச் சேர்த்துக்கொண்டு, ஏஜென்ட் ஒருவன் மூலமாக இந்தோனேசியாவுக்குப் பறந்தார். அங்கிருந்து படகு. கடலுக்குப் போவதற்கு முந்தின நாள் வீட்டுக்குப் பேசினார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து ஏஜென்டின் ஆள் போனில் சொன்னான், படகு மூழ்கிவிட்டது, அதில் யாரும் மிஞ்சவில்லை என்று.

சிநேகிதன் வீட்டில் அழுது தீர்த்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் செய்தார்கள். இவர்கள் வீட்டில் ஒன்றும் செய்யவில்லை. செய்ய வேண்டாம் என்று சொன்னவர் அம்பயர்தான். உடலைக் கண்டவர்கள் இல்லை, படகில் ஏறியதைக் கண்டவர்களும் இல்லை, போனில் ஒருவன் சொன்னதை வைத்து ஒரு மனிதனைச் சாகடிக்க முடியாது என்றார். ஆரம்பத்தில் எல்லோருக்கும் அது ஆறுதலாக இருந்தது. எனக்கும்தான். நாள் போகப் போக, அந்த வீட்டில் அண்ணன் இருக்கிறாரா இல்லையா என்று பேசவே எல்லோரும் பயந்தோம். அண்ணன் இருக்கிறார் என்றால் அவருக்குக் கல்யாணம் ஆகவேண்டும். இல்லை என்றால் எங்கள் கல்யாணத்துக்குத் தடையில்லை. அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று கோவிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போது, நான் என்ன கேட்டுவிட்டு வருகிறேன் என்று எனக்கே நெஞ்சு உறுத்தும்.

இரண்டு வருஷம் கழித்து அவருடைய அப்பா செத்துப்போனார். மரண அறிவித்தல் அடிக்க அவர் டவுனில் ஒரு அச்சகத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். எங்கள் பக்கத்து அறிவித்தல்களில் உறவுகளின் பெயரெல்லாம் வரும். முன்னமே இறந்துபோனவர்களின் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போடுவார்கள். அச்சகக்காரருக்கு ஊர்க்கதை எல்லாம் தெரியும். எழுதிக்கொண்டே வந்தவர், பிள்ளைகளின் பெயர் வந்ததும் கையை நிறுத்தினார்.

"சேர், மூத்த மகனுக்கு முன்னால காலஞ்சென்ற போடவா?"

நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு சொல்லில் என் வாழ்க்கை நின்றது. அது சுவரில் ஒட்டப்பட்டால் ஊருக்கே தெரிந்துவிடும், யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை, துக்கம் கழிந்ததும் எங்கள் கல்யாணம். அவர் அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பி, எழுதியதை முதலிலிருந்து படித்தார். பிறகு, வேண்டாம், பெயரை மட்டும் போடுங்கள் என்றார்.

எங்கள் முறையில் தகப்பனுக்கு மூத்த மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். சுடலையிலும் எல்லோருடைய கண்ணும் அவர் மேல்தான். அவர் குருக்களிடம், அண்ணனுக்குப் பதிலாக நான் வைக்கிறேன், அப்படியே சொல்லிச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். குருக்கள் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு அப்படியே செய்தார். பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அவருடைய அம்மா அன்று கணவனுக்காக அழுததைவிட, அந்த ஒரு வார்த்தைக்காக மகனைக் கட்டிப்பிடித்து அழுததுதான் அதிகம் என்று பிறகு சொன்னார்கள். அதைக் கேட்டபோது அவர் மேல் எனக்கு வந்த பாசத்தையும், அதே நேரத்தில் வந்த ஆத்திரத்தையும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டில் பொறுமை தீர்ந்தது. சித்தி நாலந்தாவிலிருந்து ஒரு இடம் கொண்டுவந்தார். மிருக வைத்தியர், நல்ல குடும்பம், தம்பி தங்கை இல்லை, அண்ணன்மாரும் இல்லை என்று கடைசி வார்த்தையை அழுத்திச் சொன்னார். அப்பா என்னிடம் ஒரு முடிவு கேட்டார். அந்த வாரம் பல்லேபொலவில் ஒரு பள்ளிக்கூட மெட்சுக்கு அவர் அம்பயர். நானும் போனேன். ஆட்டம் முடிந்து, வயல் ஓரத்து பஸ் ஹோல்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அவர் இல்லன்னு ஒரு தடவ சொல்லிருங்க. மனசுக்குள்ள நீங்க என்ன வேணும்னாலும் நம்பிக்குங்க. வெளியில மட்டும் சொல்லுங்க."

"நான் பாக்கலையே."

"வேற யாரும்தான் பாக்கல. அப்ப கடைசி வரைக்கும் இப்பிடியேவா?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். வயலில் யாரோ சிங்களத்தில் மாட்டை அதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் பதில் சொல்வதற்குள் பஸ் போய்விடுமோ என்று நான் பயந்தேன்.

"பாக்காத ஒண்ண நான் சொல்லிட்டா, பொறகு உங்கிட்ட நான் சொல்ற எதுவும் உண்மையா இருக்காது. உன்ன நிக்கச் சொல்லவும் எனக்கு உரிம இல்ல."

அழவும் முடியவில்லை, அவரைத் திட்டவும் முடியவில்லை. நான் எதற்காக அவரை விரும்பினேனோ, அதே காரணத்தால் அவர் எனக்கு இல்லாமல் போனார். அன்று பஸ்ஸில் அவர் முன் சீட்டிலும் நான் பின் சீட்டிலும் உட்கார்ந்து வந்தோம். நாலந்தா இடத்துக்குச் சரி என்று அன்று மாலையே அப்பாவிடம் சொன்னேன்.

என் கணவர் நல்லவர். கோல் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. பஸ் தூரத்தில் தெரிந்தாலே வந்துவிட்டது என்பார், மழை குறைந்தாலே விட்டுவிட்டது என்று குடையை மடக்குவார். எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். நான் நாலந்தா ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறேன். ஒரு குறையும் இல்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வேன். ஆனாலும் மாத்தளைக்குப் போகிற நாட்களில் பஸ் மைதானத்தைக் கடக்கும்போது என் கழுத்து தானாகத் திரும்பும். பெரிய வெள்ளைத் தொப்பி ஒன்று தெரிந்துவிட்டால், வீடு திரும்பும்வரை யாரோடும் பேசப் பிடிக்காது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட்டேன், பிறகு அழுதேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும், ஏதாவது ஒன்றைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தால், அவர் பக்கத்தில் இருந்தால் கேட்கலாமே என்றுதான் முதலில் தோன்றுகிறது. மனம் அவரைத் தேடுகிறது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இந்த வருஷம் தைப்பொங்கல் கழிந்து சில நாட்களில், என் மருந்து ஜன்னலில் டாக்டர் எழுதிய ஒரு துண்டு நீண்டது. விரல்களைப் பார்த்ததுமே அவர்தான் என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு குளக்கட்டை அளக்க வந்த இடத்தில் கூட வந்த தொழிலாளியைக் குளவி கொட்டிவிட்டதாம், அவருக்கு மருந்தெடுக்க வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. தொப்பியைக் காணவில்லை. நான் துண்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"அண்ணன் இருக்காரு" என்றார்.

மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். படகு கிளம்பிய அன்று அண்ணனுக்குக் கடும் காய்ச்சல், ஏஜென்ட் அவரைக் கரையிலேயே விட்டுவிட்டான். தான் வற்புறுத்திக் கூட்டிப்போன சிநேகிதன் கடலில் போய்விட்டான் என்று கேட்டதும், அந்த வீட்டு முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று ஊரோடு தொடர்பையே விட்டுவிட்டார். களவாக மலேசியாவுக்குப் போய் அங்கேயே ஒளிந்து வாழ்ந்திருக்கிறார். போன மாதம் ஒரு நாள் வாட்ஸ்அப்பில் ஒரு சின்னப் பெண் கூப்பிட்டு, நீங்கள்தான் என் அப்பம்மாவா என்று கேட்டிருக்கிறாள். அம்மா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்.

எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. நல்லது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"அங்க போன அடுத்த வருஷமே அவரு கல்யாணம் முடிச்சிட்டாரு. இப்ப பன்னெண்டு வருஷம்."

என் கல்யாணத்துக்குப் பத்து வருஷம். அச்சகத்து மேசையைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நாளிலும், பல்லேபொலவில் பஸ்ஸுக்கு நின்ற நாளிலும் மூத்தவர் கல்யாணம் முடித்தவர். மூத்தவர் முடிக்காமல் இளையவர் முடிக்கக் கூடாது என்று இரண்டு வீடும் காத்துக்கிடந்த காலத்தில் எங்களுக்கு எந்தத் தடையும் இருந்ததில்லை. யாரும் சாகவும் தேவையிருந்ததில்லை. கையிலிருந்த மாத்திரைத் தட்டை மேசையில் வைத்தேன்.

"நான் நின்ன எடத்துல இருந்து அது தெரியல" என்றார் அவர்.

அவருக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஒரு கிழவர் இருமிக்கொண்டிருந்தார். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற அந்த முகத்தைப் பார்த்து, பத்து வருஷமாக நான் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"அன்னைக்கி நீங்க அவரு இல்லன்னு சொல்லியிருந்தா அது பிழ. அந்தப் பிழைய நீங்க செய்யணும்னுதான் நான் காத்துக்கிட்டு இருந்தேன்."

"எனக்கும் செய்யணும்னுதான் இருந்திச்சு."

உடனே சொன்னார், ஒரு நொடிகூட யோசிக்காமல். அவர் யோசிக்காமல் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.